ராத்திரி ஷோவோட நடக்கிற தீம் ரெஸ்டாரன்ட்: போகலாமா, போனா எங்க உக்காரணும்?

கேள்வி இதுதான்: "அம்மா அப்பாவோட 40வது கல்யாண நாளுக்கு, பிரமாண்டமா செட்டிங் போட்டு ராத்திரி மேடை ஷோவும் நடத்துற ஒரு தீம் ரெஸ்டாரன்டுக்கு எட்டு பேரா போகலாம்னு இருக்கோம். ரெண்டு சின்னப் பசங்களும் அதுல உண்டு. சாப்பாடு நல்லா இருக்காது, காசு தண்டம்னு சிலர் பயமுறுத்துறாங்க. போகலாமா, போனா எதெல்லாம் கவனிக்கணும்?"

தாராளமா போங்க. பயமுறுத்துறவங்க சொல்றது முழுப் பொய்னு சொல்ல மாட்டேன், ஆனா அதுல பாதி பேர் தப்பான டேபிள்ல உக்காந்து, தப்பான நேரத்துல, தப்பான ஐட்டத்த ஆர்டர் பண்ணிட்டு வெளிய வந்து திட்டுறவங்க. நான் இந்த மாதிரி ஒரு இடத்துல ஆறு வருஷம் ஃப்ளோர் கேப்டனா, அதாவது ஹால்ல சர்வர்ங்கள மேய்க்கிற ஆளா இருந்தவன், தட்டு தூக்கினதும் உண்டு, திட்டு வாங்கினதும் உண்டு. அதனால உள்ள இருந்து பாத்தத சொல்றேன், கொஞ்சம் நீளமா போகும், பொறுத்துக்கோங்க.

சாதாரண ஹோட்டல்ல நேரம் கிச்சன் கையில இருக்கும். நீங்க சொல்வீங்க, அவங்க சமைப்பாங்க, ரெடியானதும் வரும். ஷோ இருக்கிற இடத்துல நேரம் மேடை கையில. எட்டு மணிக்கு லைட் அணையணும்னா அணையும், உங்க டேபிளுக்கு மெயின் ஐட்டம் வந்துச்சா இல்லையான்னு யாரும் நின்னு பாக்க மாட்டாங்க. இந்த ஒரு விஷயம் பிடிபட்டுச்சுன்னா எப்ப போகணும், எங்க உக்காரணும், என்ன ஆர்டர் பண்ணணும்னு மத்ததெல்லாம் உங்களுக்கே தோண ஆரம்பிச்சிடும்.

முதல்ல சாப்பாட்டுக்கு வரேன், ஏன்னா எல்லாரும் குறை சொல்றது அங்கதான். எங்க இடத்துல முதல் ஐட்டத்துக்கும் ரெண்டாவது ஐட்டத்துக்கும் நடுவுல பதினோரு நிமிஷம் கேப். அந்தப் பதினோரு நிமிஷத்துல நூத்தி எண்பது தட்டு வெளிய போகணும், காலி தட்டு உள்ள வரணும், தண்ணி ஊத்தணும், மறுபடி லைட் அணையறதுக்குள்ள ஒரு ஆள் கூட நடைபாதையில நிக்கக் கூடாது. அப்ப என்ன பண்ணுவோம்? ஆர்டர் வந்தப்புறம் சமைக்கிறதுங்கிற பேச்சுக்கே இடம் கிடையாது. அரை மணி நேரம் முன்னாடியே தட்டுல போட்டு, மேல மூடி வச்சு, ஹாட் பாக்ஸுக்குள்ள அடுக்கிடுவோம். அது ஆள் உயரத்துக்கு சக்கரம் வச்ச சூடான பீரோ மாதிரி இருக்கும். சாப்பாடு கெட்டுப்போகாம இருக்க 60 டிகிரிக்கு மேலயே வச்சிருக்கணும், வச்சிருப்போம், அதுல தப்பு இல்ல. ஆனா அந்த மூடிக்குள்ள என்ன நடக்கும்னு யோசிச்சுப் பாருங்க, சாப்பாட்டுல இருந்து கிளம்புற ஆவி மூடியில பட்டு தண்ணியாகி மறுபடி சாப்பாட்டு மேலேயே சொட்டும். மொறுமொறுன்னு பொரிச்சு வச்சது பத்து நிமிஷத்துல நனைஞ்ச அட்டை மாதிரி ஆயிடும். கிரில் பண்ணின மீன் உள்ளேயே இன்னும் வெந்து ரப்பர் ஆயிடும். அதே பாக்ஸ்ல, நிதானமா ரொம்ப நேரம் வேக வச்ச கறியோ கிரேவியோ இருந்தா அதுக்கு ஒண்ணும் ஆகாது, சொல்லப்போனா இன்னும் ஊறி நல்லாதான் இருக்கும்.

அதனால மெனுவ பாக்கும்போது ருசிய மட்டும் யோசிக்காதீங்க, இது அரை மணி நேரம் மூடி வச்சா தாங்குமான்னு யோசிங்க. சாறோட இருக்கிறது, மெதுவா வெந்தது, ஓவன்ல பேக் பண்ணினது எல்லாம் தைரியமா வாங்கலாம். பொரிச்சது வேணும்னா ஷோ ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி ஸ்டார்ட்டரா வாங்கிடுங்க, அப்ப கிச்சன் கொஞ்சம் மூச்சு விட்டுட்டு இருக்கும், சுடச்சுட வரும். யாருக்காவது அலர்ஜி இருந்தா டேபிள் புக் பண்ணும்போதே சொல்லிடணும், உக்காந்தப்புறம் சொன்னா அந்த ஒரு தட்ட பிரிச்சு எடுக்கிறது எங்களுக்கு நரகம், அவசரத்துல தப்பு நடக்கிறதும் அப்பதான்.

சாப்பாட்டுக்காக ஷோவா, ஷோவுக்காக சாப்பாடான்னு ஒரு பழைய வாக்குவாதம் உண்டு. இதுல எனக்குப் பிடிச்ச கதை சக் ஈ. சீஸ் கதை. அடாரி வீடியோ கேம் கம்பெனிய ஆரம்பிச்ச நோலன் புஷ்னெல் 1977ல சான் ஹொசேல அந்த பீட்ஸா கடைய திறந்தாரு, மோட்டார் வச்சு ஆடுற பாடுற பொம்மைங்க, ஒரு பக்கம் கேம் மெஷினுங்க. ஏன் பீட்ஸாவ எடுத்தாருன்னா, அதுக்கு சாமான் கம்மி, கெடுக்கிறது கஷ்டம், முக்கியமா வேக நேரம் எடுக்கும். அந்த காத்திருக்கிற நேரத்துல ஜனங்க கேம்ல காசு போடுவாங்கள்ல. அதாவது காத்திருக்க வைக்கிறதையே வியாபாரமாக்கிட்டாரு.

இன்னொரு பக்கம் மீடீவல் டைம்ஸ்னு ஒண்ணு, ஐரோப்பாவோட இடைக்காலம்தான் தீம், ஸ்பெயின்ல முளைச்ச ஐடியா, 1983ல ஃப்ளோரிடாவோட கிஸ்ஸிமீல முதல் அமெரிக்க கோட்டைய கட்டினாங்க. நடுவுல மண் தரை, குதிரை வீரங்க மோதிக்குவாங்க, சுத்தி உக்காந்து நாம சாப்பிடணும். நீங்க உக்கார்ற பகுதிக்கு ஒரு கலர், அந்தக் கலர் வீரன் உங்க ஆளு, அவனுக்குத்தான் கத்தணும். அங்க கத்தி கிடையாது, ஃபோர்க் கிடையாது, அந்தக் காலத்துல இப்படித்தான்னு சொல்லி கையாலதான் சாப்பிடணும், கிட்டத்தட்ட எல்லாருக்கும் ஒரே மெனு. ஜனங்களுக்கு அது ஜாலி. தொழில்ல இருந்தவன் கண்ணுக்கு அது வேற மாதிரி தெரியும், நூத்துக்கணக்கான பேருக்கு ஸ்பூன் ஃபோர்க் வைக்கிற, எடுக்கிற, கழுவுற, இருட்டுல கீழ விழுந்தத தேடுற வேலை மொத்தமும் மிச்சம். தன் கஷ்டத்தையே தீமா மாத்தினவன் புத்திசாலி. நீங்க போற இடம் மெனுவ சின்னதா, நாலஞ்சு ஐட்டத்தோட வச்சிருந்தா ஏமாத்துறாங்கன்னு நினைக்காதீங்க, அது நல்ல அறிகுறி. நாப்பது பக்க மெனுவும் நடுவுல ஷோவும் ஒண்ணா இருந்தாதான் பயப்படணும்.

அடுத்து நேரம். ஷோ எட்டு மணின்னா ஏழு இருபதுக்காவது உள்ள இருக்கணும். நிறைய பேர் எட்டுக்கு அஞ்சு நிமிஷம் இருக்கும்போது ஓடி வருவாங்க, வந்த உடனே லைட் போயிடும், அவ்வளவு காசு கொட்டி இழைச்சிருக்கிற செட்டிங்க பாக்காமலே கிளம்பிப் போவாங்க. நீங்க குடுக்கிற காசுல பெரிய பங்கு அந்தச் சுவத்துக்கும் கூரைக்கும்தான் போகுது, அத வெளிச்சத்துல நின்னு பாத்துடுங்க. பசங்கள கூட்டிட்டு ஒரு ரவுண்டு வாங்க. தூணைத் தட்டிப் பாத்தா டொப்புன்னு ஃபைபர் சத்தம் கேக்கும், அதுவும் ஒரு வேடிக்கைதான்.

இந்த மாதிரி இடங்கள ஏதோ நேத்து வந்த ஃபேஷன்னு நினைக்கிறாங்க. 1892லயே பாரிஸ்ல கபாரே து நேயான்னு ஒண்ணு இருந்துச்சு, சாவுதான் தீம். சவப்பெட்டிதான் டேபிள், சர்வர்ங்க பிணம் தூக்குறவங்க மாதிரி கருப்பு உடுப்பு, குடிக்கிறதுக்கெல்லாம் நோய் பேரு. உள் ரூம்ல ஒரு ஆள சவப்பெட்டியில நிக்க வச்சு, நம்ம கண்ணு முன்னாடியே எலும்புக்கூடா மாத்துவாங்க. அது பெப்பர்ஸ் கோஸ்ட்னு ஒரு தந்திரம், சாய்வா ஒரு பெரிய கண்ணாடி, மறைவுல ஒரு எலும்புக்கூடு, ஒரு பக்கம் வெளிச்சத்த குறைச்சு மறுபக்கம் கூட்டினா போதும். இன்னைக்கும் ஹாலோகிராம்னு விளம்பரம் பண்ற பாதி ஷோ அதே கண்ணாடி வேலைதான், நான் கிட்ட இருந்து தொடச்சிருக்கேன், ஒரு கைரேகை விழுந்தா போச்சு.

அப்புறம் லாஸ் ஏஞ்சலஸ்ல க்ளிஃப்டன்ஸ்னு ஒரு கஃபடேரியா, 1935ல திறந்த கிளையில உள்ளேயே செயற்கை ரெட்வுட் மரக் காடு, அருவி. அது பணக்காரங்க இடம் இல்ல, பொருளாதாரம் படுத்துக் கிடந்த காலத்துல, முடிஞ்சத குடுங்கன்னு நடத்தின இடம். சான் பிரான்சிஸ்கோ ஃபேர்மாண்ட் ஹோட்டல்ல நீச்சல் குளமா இருந்தத 1945ல எம்ஜிஎம்ங்கிற ஹாலிவுட் சினிமா ஸ்டூடியோவோட செட் டிசைனர் ஒருத்தர வச்சு டோங்கா ரூமா மாத்தினாங்க. குளம் அப்படியே இருக்கு, சுத்தி டேபிள், குளத்து மேல படகுல மிதந்துக்கிட்டே பேண்ட் வாசிக்கும், நடுநடுவுல இடி இடிச்சு குளத்துல மழை பெய்யும். கவனிச்சீங்கன்னா மழை டேபிள் மேல பெய்யாது. நல்ல செட்டிங்குக்கும் வெறும் செலவுக்கும் வித்தியாசம் அங்கதான் இருக்கு. நம்ம சாப்பிடுறத தொந்தரவு பண்ணாம நம்மள அசத்தணும். நான் ஒரு இடத்துக்கு சாப்பிடப் போயிருந்தேன், பேரு வேண்டாம், அங்க அருவிக்கு நாலடி தள்ளி டேபிள் போட்டிருந்தாங்க. ஷோ முடியறதுக்குள்ள என் சட்டை ஒரு பக்கம் நனைஞ்சிடுச்சு, குளோரின் வாடையில சூப் எது தண்ணி எதுன்னு தெரியல.

சரி, டேபிள். இதுலதான் நான் அதிக நேரம் எடுத்துக்கப் போறேன், ஏன்னா உங்க ராத்திரிய தீர்மானிக்கிறது இதுதான்.

எல்லாரும் போன் பண்ணி "முதல் வரிசை குடுங்க"ன்னு கேப்பாங்க. கேக்காதீங்க. முதல் வரிசையில மேடை உங்க தலைக்கு மேல இருக்கும், ஒண்ணரை மணி நேரம் கழுத்த தூக்கிட்டே இருக்கணும், ஆடுறவங்க காலைத்தான் பாப்பீங்க. புகை மெஷின் வாய் அங்கதான் இருக்கும். பார்வையாளர மேடைக்கு இழுக்கிறதும் அங்க இருந்துதான். அதுக்குப் பதிலா தரை ஒரு படி உயர்ற இடம் இருக்கும், அந்த உயரத்தோட முதல் டேபிள் எதுன்னு கேளுங்க. முன்னாடி தலை மறைக்காது, சர்வர் நடமாட்டமும் கண்ண மறைக்காது. கிச்சன் கதவு பக்கம் வேண்டாம்னு சொல்லிடுங்க, இருட்டுல ஒவ்வொரு தடவை அந்தக் கதவு திறக்கும்போதும் வெள்ளை வெளிச்சம் முகத்துல அடிக்கும்.

எட்டு பேர்னா வட்ட மேசை குடுப்பாங்க. பேசுறதுக்கு வட்ட மேசை மாதிரி வராது, ஷோ பாக்கிறதுக்கு அது மாதிரி மோசம் எதுவும் கிடையாது, மூணு பேர் கண்டிப்பா மேடைக்கு முதுகு காட்டித்தான் உக்காரணும். ஒரு தடவை ஒரு பெரிய குடும்பம் வந்தாங்க, பாட்டிம்மாவுக்கு எழுபத்தஞ்சு வயசு நிறையுதுன்னு. மரியாதைக்கு பாட்டிய நடுநாயகமா உக்கார வச்சாங்க, அது மேடைக்கு நேர் முதுகு. அவங்களுக்கு இடுப்பு திரும்பாது. நான் தண்ணி ஊத்தப் போனப்ப பாக்கிறேன், அவங்க எதிர் சுவத்துல இருந்த கறுப்புக் கண்ணாடிய உத்துப் பாத்துட்டு இருக்காங்க. மொத்த ஷோவையும் அந்தக் கண்ணாடியில இடம் வலம் மாறி பாத்துட்டு இருந்திருக்காங்க, யாருகிட்டயும் ஒரு வார்த்தை சொல்லல. நான் குனிஞ்சு "நாற்காலிய திருப்பட்டுமாம்மா"ன்னு கேட்டேன், "வேண்டாம்பா, எல்லாரும் எந்திரிக்கணும், நல்லாத்தான் தெரியுது"ன்னாங்க. அடுத்த இடைவேளையில மூணு பேர எழுப்பி அவங்கள மாத்தி உக்கார வச்சேன், மேனேஜர் முறைச்சாரு. அதுக்கப்புறம் வயசானவங்க பேருக்கு புக்கிங் வந்தா நானே ரிஜிஸ்டர்ல "முதுகு கூடாது"ன்னு எழுதி வச்சுடுவேன்.

அதனால நீங்க நீள மேசை கேளுங்க, அதோட குறுகின பக்கம் மேடைய பாக்கிற மாதிரி போடச் சொல்லுங்க. அப்ப எட்டு பேரும் லேசா கழுத்த திருப்பினா போதும், யாருக்கும் முழு முதுகு கிடையாது. அரை வட்ட சோபா இருக்கிற இடம்னா அதவிட நல்லது, ஆனா அதுல எட்டு பேர் நெருக்கிக்கிட்டு உக்காந்தா நடுவுல இருக்கிறவங்க பாத்ரூம் போக நாலு பேர் எந்திரிக்கணும், சின்னப் பசங்கள ஓரமா வைங்க. அம்மா அப்பாவ மேடைக்கு பக்கத்து முனையில வைக்காம, நடுவுல எதிரெதிரா வைங்க, அவங்களுக்குத்தானே விசேஷம், ரெண்டு பக்கத்துப் பேச்சும் காதுல விழணும்.

காதுன்னு சொன்னதும் சத்தத்த பத்தி சொல்லணும். கூட்டமான இடத்துல சத்தம் ஏற ஏற நாமளும் அறியாமலே குரல உயர்த்துவோம், அத பாத்து பக்கத்து டேபிளும் உயர்த்தும், எட்டியென் லொம்பார்ட்னு ஒரு பிரெஞ்சு டாக்டர் 1911லயே இத எழுதி வச்சிருக்காரு, அவர் பேர்லயே லொம்பார்ட் எஃபெக்ட்னு சொல்றாங்க. ஷோ நடுவுல அரை வெளிச்சம் போட்டதும் ஹால் திடீர்னு சந்தை மாதிரி ஆகிறது அதனாலதான். அது ருசியையும் தொடும். 2015ல கார்னெல் பல்கலைக்கழகத்துல விமானத்துக்குள்ள இருக்கிற அளவு இரைச்சல ஹெட்ஃபோன்ல போட்டு 48 பேருக்கு சுவை பாக்கச் சொன்னாங்க, இனிப்பு மந்தமா தெரிஞ்சுது, தக்காளி, காளான்ல இருக்குமே அந்த உமாமி சுவை மட்டும் தூக்கலா தெரிஞ்சுது. எங்க செஃப் இந்த ஆராய்ச்சியெல்லாம் படிச்சவர் கிடையாது, ஆனா ஷோ நேரத்து கிரேவிக்கு தக்காளி விழுது ஒரு கரண்டி கூடப் போடுவாரு, "கத்துற இடத்துல கத்துற ருசிதான் நிக்கும்"பாரு. உங்க அப்பாவோ அம்மாவோ காது மெஷின் வச்சிருந்தா ஸ்பீக்கர்ல இருந்து தள்ளி இடம் கேளுங்க, ஸ்பீக்கர் மேடையில மட்டும் இருக்காது, கூரையில இலை தழைக்கு நடுவுல ஒளிச்சு வச்சிருப்பாங்க, அண்ணாந்து பாத்துட்டு உக்காருங்க.

இப்ப சொல்லப்போறது கொஞ்சம் கசப்பா இருக்கும், விசேஷ நாளுக்கு இத ஏன் சொல்றான்னு தோணும், பரவாயில்ல. உள்ள நுழைஞ்சதும் வெளிய போற வழி எதுன்னு ரெண்டாவது ஒரு கதவ கண்ணால கண்டுபிடிச்சு வச்சுக்கோங்க. பாஸ்டன்ல கோக்கனட் குரோவ்னு ஒரு கிளப், செயற்கைத் தென்னை மரம், கூரையெல்லாம் துணி விதானம், சாப்பாடு, மேடை ஷோ, அந்தக் காலத்து பிரமாண்டம். 1942 நவம்பர் 28ஆம் தேதி ராத்திரி தீப்பிடிச்சுது, 492 பேர் செத்துப்போனாங்க. அனுமதிச்சத விட ரெண்டு மடங்கு கூட்டம். முன்வாசல் சுழல் கதவு, ஜனம் முட்டி அது நின்னுடுச்சு. மத்த கதவுல சிலதுக்கு தாழ்ப்பா போட்டிருந்தாங்க, சிலது உள் பக்கமா திறக்கிறது. இன்னைக்கு சுழல் கதவுக்கு பக்கத்துல சாதாரண கதவு ஒண்ணு பாக்கறீங்கள்ல, அந்த விபத்துக்கு அப்புறம் வந்த விதி அது. 1977 மே மாசம் கென்டக்கில பெவர்லி ஹில்ஸ் சப்பர் கிளப் எரிஞ்சப்ப 165 பேர் போனாங்க, அங்க காமெடி ஷோ ஓடிட்டு இருந்த ஹால்ல, தட்டு எடுக்கிற ஒரு சின்னப் பையன் மேடையில ஏறி மைக்க வாங்கி, வெளிய போற வழி இது இதுன்னு கைகாட்டி எல்லாரையும் கிளம்பச் சொன்னான். நூத்துக்கணக்கான பேர் அதனால பொழைச்சாங்க. ஷோவோட ஒரு பகுதின்னு நினைச்சு அசையாம உக்காந்திருந்தவங்களும் உண்டு. தீம் போட்ட இடத்துல இதுதான் சிக்கல், எல்லாமே நடிப்பு மாதிரி தெரியும். குகை மாதிரி செட் போட்டு அவசர வழி பலகைய பாறைக்குப் பின்னாடி மறைச்சிருந்தா, அந்த இடத்துக்கு நான் போக மாட்டேன், அவ்வளவுதான்.

புகை, மின்னல் வெளிச்சம் ரெண்டும் கேட்டுத் தெரிஞ்சுக்க வேண்டியது. வேகமா விட்டு விட்டு எரியற லைட்டு வலிப்பு இருக்கிறவங்களுக்கு ஆகாது. 1997 டிசம்பர்ல ஜப்பான்ல ஒரு போக்கிமான் எபிசோட்ல சிவப்பும் நீலமும் மாறி மாறி அடிச்சதுல அறுநூறுக்கு மேல பசங்கள ஆஸ்பத்திரிக்கு கொண்டு போனாங்க, அது டிவிதான், இது மொத்த ஹால். அப்புறம் புகை கக்குற கூல்டிரிங்க்ஸ். டிரை ஐஸோ (உறைய வச்ச கார்பன் டை ஆக்சைடு) லிக்விட் நைட்ரஜனோ போட்டுத் தருவாங்க, ரெண்டுமே உடம்ப பொசுக்கிடுற அளவுக்கு குளிர்ச்சி, பசங்க துள்ளிக் குதிப்பாங்க. புகை மொத்தமா அடங்கி, கண்ணாடி டம்ளர் அடியில ஒண்ணும் இல்லன்னு பாத்தப்புறம்தான் வாயில வைக்கணும். 2012ல இங்கிலாந்துல லிக்விட் நைட்ரஜன் போட்ட ட்ரிங்க்க அவசரமா குடிச்ச 18 வயசுப் பொண்ணுக்கு இரைப்பையையே எடுக்க வேண்டியதாச்சு. போட்டோ எடுங்க, புகை அடங்கற வரைக்கும் பொறுங்க, அப்புறம் குடிங்க.

சின்னப் பசங்களுக்கு, ஷோல முகமூடி போட்ட ஆளுங்க டேபிள் டேபிளா வருவாங்களான்னு கேட்டு வைங்க. வருவாங்கன்னா வெளிச்சம் இருக்கும்போதே அவங்க முகமூடி இல்லாம நிக்கிறத காமிக்க முடியுமான்னு கேளுங்க, பெரும்பாலும் அவங்களே ஆசையா காமிப்பாங்க, அப்புறம் பயம் போயிடும்.

ரெண்டு ஷோ நடக்கிற இடம்னா எதுக்கு போறதுன்னு குழப்பம் வரும். முதல் ஷோல கிச்சன் ஃப்ரெஷ்ஷா இருக்கும், சாப்பாடு நல்லா இருக்கும், ஆனா முடிஞ்ச உடனே அடுத்த கூட்டத்துக்கு டேபிள் வேணுமே, டெசர்ட் பாதியிலயே பில் வந்து நிக்கும். ரெண்டாவது ஷோல ஆடுறவங்க நல்லா சூடு பிடிச்சிருப்பாங்க, யாரும் விரட்ட மாட்டாங்க, ஆனா பசங்க தூங்கி வழிவாங்க. உங்க கூட்டத்துக்கு முதல் ஷோதான் சரி, வார நாள்ல போங்க. பில்ல மட்டும் கடைசி ஐட்டத்துக்கு முன்னாடியே கேட்டு முடிச்சிடுங்க, ஷோ முடிஞ்சதும் அத்தனை டேபிளும் ஒரே நேரத்துல கை தூக்கும், கார்டு மெஷின் இருக்கிறது மூணோ நாலோ, இருபது நிமிஷம் சும்மா உக்காரணும்.

காசு தண்டமான்னு கேட்டதுக்கு இன்னும் பதில் சொல்லல. மாசா மாசம் போறதுக்கு தண்டம்தான். ஆச்சரியம் ஒரு தடவைதான் வேலை செய்யும், ரெண்டாவது தடவை சாப்பாடு காப்பாத்தணும். பிளானட் ஹாலிவுட் 1991ல நியூயார்க்ல சினிமா நட்சத்திரங்க பேரோட அமர்க்களமா ஆரம்பிச்சு, ஊர் ஊரா கிளை விட்டு, 1999லயே திவால் மனு போட்டுச்சு. ஒரு தடவை பாத்துட்டுப் போனவன் திரும்பி வர்றதுக்கு அங்க காரணம் இல்ல. இதுக்கு நேர் எதிரா கொலராடோல காஸா போனிட்டா, 1974ல இருந்து உள்ளேயே முப்பதடி அருவி, அது மேல இருந்து ஆளுங்க கீழ குளத்துல குதிப்பாங்க. சாப்பாடு மகா மோசம்னு ஊருக்கே தெரியும், இருந்தும் சின்ன வயசுல பாத்த பசங்க பெரியவங்களாகி அவங்க பசங்கள கூட்டிட்டு வந்தாங்க. அதுவும் திவாலாச்சு, ஆனா சவுத் பார்க் கார்ட்டூன் எடுக்கிற ரெண்டு பேர் 2021ல அத வாங்கி, நல்ல செஃப்ப வச்சு சாப்பாட்ட சரி பண்ணி 2023ல திறந்தாங்க, இப்ப சாப்பாடும் சேத்து முன்கூட்டியே டிக்கெட்டுதான். எனக்கு அந்த டிக்கெட் முறைதான் நேர்மையா படுது, ஏன்னா நீங்க வாங்குறது டிக்கெட்தான், கூட சாப்பாடும் வருது. பில்ல சாப்பாட்டுக் கணக்கா பாத்தா வயிறு எரியும், எட்டு பேருக்கு நல்ல நாடக டிக்கெட் எவ்வளவு, ஒரு சுமார் சாப்பாடு எவ்வளவுன்னு ரெண்டையும் கூட்டிப் பாருங்க, அதுக்குப் பக்கத்துல வந்தா நியாயமான இடம்.

கடைசியா ஒண்ணு. கல்யாண நாள்னு புக்கிங்ல சொன்னா அத மேடையில மைக்ல சொல்லுவாங்க, ஸ்பாட்லைட் அடிப்பாங்க, சில இடத்துல ரெண்டு பேரையும் மேடைக்கே கூப்பிட்டு ஆடச் சொல்லுவாங்க. சிலருக்கு அது வாழ்நாள் சந்தோஷம், சிலருக்கு அன்னைக்கு ராத்திரி தூக்கம் போயிடும். எங்க இடத்துல ஒரு பெரியவர் லைட் தன் மேல விழுந்ததும் மேசைக்கடியில செருப்பத் தேடுற மாதிரி குனிஞ்சவர், பாட்டு முடியற வரைக்கும் நிமிரவே இல்ல. அம்மாகிட்ட ஒரு தடவை, அப்பாகிட்ட தனியா ஒரு தடவை கேட்டுட்டு, வேண்டாம்னா உள்ள நுழையும்போதே கேப்டன தனியா கூப்பிட்டு சொல்லிடுங்க, போன்ல புக்கிங் எடுக்கிறவங்ககிட்ட சொன்னது மேடைக்குப் போய்ச் சேராது. கேக் இருந்தா அதையும் கேப்டன்கிட்டயே குடுத்து, ஷோ ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி கொண்டு வரச் சொல்லுங்க, வெளிச்சத்துல வெட்டினாதான் போட்டோவுல எட்டு பேர் முகமும் தெரியும்.